கையெழுத்துப் போட்ட பிறகும்...

பள்ளிக்கூடம் திறந்த வாரம். பையனுக்கு டிபன் டப்பாவில் எலுமிச்சை சாதம் அடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அழைப்பு மணி. போய்ப் பார்த்தால் கோர்ட் அமீனா! என் தம்பி பெயரைச் சொல்லி, "இருக்காருங்களா?" என்று கேட்டார். தம்பி மஸ்கட்டில் வேலையாக இருக்கிறான் என்று சொன்னேன். விவரத்தைக் குறித்துக்கொண்டு, என்ன வழக்கு என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பையன் என்று நான் சொல்வது என் தம்பியின் மகனை. அவனுடைய அம்மா, அதாவது என் தம்பியின் முன்னாள் மனைவி, அவனைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி எங்கள் திருச்சி குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தாள். இது 2022-ல் நடந்தது.

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுப் போனவளுக்கு இப்ப என்ன திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருது?" என்று என் அம்மா ஆரம்பித்தார்கள். சொன்னால் வெட்கம், அன்றைக்கு நானும் அதையேதான் நினைத்தேன்.

2018-ல் இருவரும் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கினார்கள். பையனுக்கு அப்போது ஆறு வயசு. அவள் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவளுக்கு வேலையும் கிடையாது. "பையன் அப்பாகிட்ட இருக்கட்டும். நான் ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை வந்து பார்த்துக்கறேன்" என்று அவளாகவே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாள். கோர்ட்டும் அப்படியே உத்தரவு போட்டது. பத்திரம் பதிவான மாதிரி, விஷயம் அதோடு முடிந்தது என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

தம்பி 2021-ல் மஸ்கட் போனான். என் பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போன பிறகு காலியாகக் கிடந்த அறையில் பையனும் அவன் புத்தகமும் நிறைந்தார்கள். எனக்கு அது ஐம்பது வயசுக்கு மேல் வந்த மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் கை வைக்க ஒருத்தி வருகிறாள் என்றால் கோபம் வராதா?

தம்பி ஏற்பாடு செய்த வக்கீலம்மா நல்ல வயதானவர். நாற்பது வருஷமாகக் கோர்ட்டுக்குப் போகிறவர். அம்மாவும் நானும் போய் உட்கார்ந்தோம். அம்மா அந்தக் கையெழுத்துச் சமாசாரத்தை எடுத்து மேஜை மேல் போட்டார்கள். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அம்மா, நிலத்தை வித்துட்டுக் கையெழுத்துப் போட்டா அது போட்டதுதான். குழந்தை விஷயம் அப்படி இல்லீங்க. கஸ்டடி உத்தரவுன்னு ஒண்ணு போட்டா அது என்னிக்குமே தற்காலிகம்தான். நிலைமை மாறினா உத்தரவும் மாறும். ரெண்டு பேரும் சம்மதிச்சு எழுதினதா இருந்தாலும் சரி."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது ஏதோ புதுச் சட்டமா என்று கேட்டேன். சிரித்தார். இந்து திருமணச் சட்டம் வந்த 1955-லேயே அதன் 26-வது பிரிவில் இருக்கிறதாம். விவாகரத்து ஆன பிறகும், மைனர் குழந்தை யாரிடம் வளர்வது, யார் படிக்க வைப்பது, செலவுக்கு யார் கொடுப்பது என்பதில் கோர்ட் அவ்வப்போது உத்தரவு போடலாம். போட்டதை மாற்றலாம், நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். குழந்தைகளின் விருப்பத்தை முடிந்த வரை அனுசரித்துச் செய்ய வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது.

அதற்கு மேல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. 1973-ல் வந்த ரோஸி ஜேக்கப் வழக்கு. நம் சென்னையிலிருந்து போன வழக்குதான். குழந்தைகள் பெற்றவர்களின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல. பார்க்க வேண்டியது அப்பாவின் உரிமையா, அம்மாவின் உரிமையா என்பதை அல்ல, குழந்தையின் நலனைத்தான் என்று அதில் நீதிபதிகள் சொன்னார்கள். கஸ்டடி உத்தரவுகள் இயல்பிலேயே மாறக்கூடியவை, சம்மதத்தின் பேரில் போட்டிருந்தாலும் மாறலாம் என்பதும் அதில்தான் வந்தது. 2010-ல் இன்னொரு வழக்கிலும் இதையே உறுதி செய்தார்கள். அதில் மகனை வளர்க்கும் தாய் வேலைக்காக ஆஸ்திரேலியா போக வேண்டியிருந்தது. சம்மதப் பத்திரத்தைக் காட்டித் தகப்பனார் தடுத்தார். கோர்ட் தாயைப் போக விட்டு, தகப்பனார் மகனைப் பார்ப்பதற்கு வேறு ஏற்பாடு செய்தது.

"அப்போ யார் வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் வந்து கேக்கலாமா?" என்று அம்மா விடவில்லை.

"கேக்கலாம். ஆனா 'முன்னாடி உத்தரவு போட்டபோது இல்லாத எது இப்ப வந்திருக்கு?'ன்னு ஜட்ஜ் முதல் கேள்வி கேப்பார். அதுக்குப் பதில் இருக்கணும். அந்த மாற்றம் குழந்தையைத் தொடணும். பெரியவங்க மனஸ்தாபத்தை எல்லாம் அங்க அளக்க முடியாது."

பிறகு அந்த மனுவை எடுத்து, அவள் என்னென்ன சொல்லியிருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். நான் எதிர்பார்த்தது தம்பியைப் பற்றிய வசவு. அதில் வசவே இல்லை. தேதிகள்தான் இருந்தன.

பையனை வளர்க்கும் பொறுப்பைக் கோர்ட் யாரிடம் கொடுத்ததோ அவர் ஊரிலேயே இல்லை, இது முதல். "அதான் நான் இருக்கேனே?" என்றேன். "உங்க அன்புக்கு மதிப்பு உண்டும்மா. ஆனா உங்க தம்பிக்குக் கொடுத்த பொறுப்பை அவர் உங்க பேருக்கு மாத்தி எழுத முடியாது. பெத்த தாய் வந்து நிக்கும்போது அத்தைக்கும் அப்பாயிக்கும் இடம் அடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டார் வக்கீலம்மா. மனசுக்குள் ஒரு முள் தைத்தது. உண்மையை இவ்வளவு நேரே சொல்லும் வக்கீல் எதிர்த் தரப்பில் இருந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன்!

அடுத்தது, அவள் நிலைமை மாறியிருந்தது. பி.எட். முடித்து தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அப்பா தவறிய பிறகு அம்மாவுடன் சொந்த வீட்டில் இருந்தாள். வெறும் சம்பளம் வந்துவிட்டதால் குழந்தையைக் கொடுத்துவிட மாட்டார்களாம். யாருக்குச் சம்பளம் அதிகம் என்று பார்த்தால் பாதி அம்மாக்களுக்குக் குழந்தை கிடைக்காதே! ஆனால் எந்தக் காரணத்தால் அன்று விட்டுக்கொடுத்தாளோ அந்தக் காரணம் இன்று இல்லை என்பது கணக்கில் வரும்.

மூன்றாவதாகப் படித்ததுதான் என்னைத் தலை குனிய வைத்தது. எந்தெந்த சனிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள், எந்தெந்த சனிக்கிழமை வீடு பூட்டிக் கிடந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அத்தனையும் நிஜம். "இன்னிக்கு அவ வர்ற நாள், வா சமயபுரம் போயிட்டு வந்துடலாம்" என்று அம்மா கிளப்புவார்கள். நானும் பையனை அழைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். கொரோனா சமயத்தில் அவள் வர முடியாமல் போனில் கூப்பிட்டபோது, "அவன் தூங்கிட்டான்" என்று அம்மா சொன்னதும், அடுத்த அறையில் அவன் முழித்துக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும்.

நம் வீடுகளில் இதை யாரும் பெரிய குற்றமாக நினைப்பதில்லை. ஏதோ சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். ஆனால் பார்க்க விடாமல் தடுப்பதும், ஒருவரைப் பற்றிக் குழந்தை மனசில் விஷம் ஏற்றுவதும் கஸ்டடியை மாற்றுவதற்கு வலுவான காரணங்கள் என்று வக்கீலம்மா அடித்துச் சொன்னார். 2017-ல் சுப்ரீம் கோர்ட், பல வருஷம் தகப்பனாரிடமே வளர்ந்த எட்டு வயதுப் பெண்ணை அம்மாவிடம் அனுப்பியதாம். ஒரு பக்கமே பார்த்து வளர்ந்த குழந்தைக்கு மறு பக்கத்தைத் தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லாமல் போனதை அந்தத் தீர்ப்பில் விசேஷமாகக் கவனித்தார்கள்.

கடைசியாகப் பையனைப் பற்றி. கணக்கில் நல்ல மார்க் வாங்கியவன் சரிந்துவிட்டான். நகத்தை ரத்தம் வருகிற மாதிரி கடித்தான். சனிக்கிழமை காலையில் வயிற்று வலி என்பான். நான் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். பூச்சி மருந்தும் கொடுத்தேன். அந்த வலி ஏன் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருகிறது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

தம்பி மஸ்கட்டிலிருந்து போனில் கத்தினான். "அவ நாளைக்கு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா என் புள்ளை கதி என்னக்கா?" இதையும் கேட்டேன். மறுமணம் ஒன்றே ஒரு தாய்க்கு அவள் குழந்தையை மறுக்கக் காரணமாகாது என்று 2006-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. வருகிறவர் குடிகாரர், குழந்தையைக் கை நீட்டுகிறவர் என்றால் அது வேறு. அப்போது மறுமணத்தைப் பார்க்க மாட்டார்கள், அடியைத்தான் பார்ப்பார்கள். ஆணுக்கும் அதே அளவுகோல்தான்.

'அஞ்சு வயசு தாண்டினா ஆம்பளைப் புள்ளை அப்பாவுக்குத்தான்' என்று தெருவில் யாரோ சொன்னதை அம்மா நம்பிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ம் வருடத்து இந்து மைனர், கார்டியன் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் ஐந்தாவது பிறந்த நாளன்று குழந்தையை மூட்டை கட்டி அப்பாவிடம் அனுப்ப வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அதே சட்டத்தின் 13-வது பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது.

குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சலர் என்று ஒருவர் இருக்கிறார். ஜட்ஜ் முன்னால் போவதற்கு முன் அவர் எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசுவார். என்னையும் கூப்பிட்டார். போகும்போது அம்மா, "பையன் அவ பேச்சையே எடுக்கறதில்லைன்னு சொல்லிடு" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மூலையில் உடைந்த பொம்மை ரயில். அந்த அம்மாள் சட்டமே பேசவில்லை.

"பையன் ராத்திரி யார்கிட்ட படுக்கறான்? காய்ச்சல் வந்தா யாரைக் கூப்பிடறான்?" என்று கேட்டார்.

என்னிடம்தான் படுக்கிறான் என்றேன். காய்ச்சலில்... வாய் வரை வந்த பொய்யை விழுங்கினேன். காய்ச்சலில் அவன் 'அம்மா'வைத்தான் கூப்பிடுவான். நான் ஈரத் துணியை நெற்றியில் மாற்றிக்கொண்டே, இது எல்லாக் குழந்தையும் சொல்வதுதானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். அதைச் சொன்னேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. பூட்டிய வீடு, தூங்காமல் தூங்கியது, ஜியாமெட்ரி பாக்ஸில் அவன் சேர்த்து வைத்திருந்த தஞ்சாவூர் பஸ் டிக்கெட்டுகள் எல்லாம் சொன்னேன். அவள் வந்து போகும்போது அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டவை அவை. அழுதுகொண்டேதான் வெளியே வந்தேன். நடையில் அவள் உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, தண்ணி குடிக்கறீங்களா?" என்று தன் பாட்டிலை நீட்டினாள்.

தம்பி அதற்குப் பிறகு ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. "நீயா அக்கா இப்படிப் பண்ணினே?" என்பதுதான் கடைசி வார்த்தை.

பையனை ஜட்ஜ் தம் அறைக்கு அழைத்துப் பேசினார். நாங்கள் யாரும் உள்ளே போகக் கூடாது. பத்து வயசுப் பிள்ளை. விவரமாகச் சொல்கிற வயசு. விவரம் தெரிந்த குழந்தையின் விருப்பத்தைக் கோர்ட் கேட்கலாம் என்று 1890-ம் வருடத்துக் கார்டியன் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கேட்பார்களே தவிர, குழந்தை சொன்னதே தீர்ப்பு ஆகிவிடாது. நேற்றுத் திட்டினதற்காக இன்று 'அம்மா வேண்டாம்' என்கிற பேச்சும், சொல்லிக் கொடுத்த பேச்சும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். உள்ளே என்ன பேசினான் என்று நான் இன்று வரை கேட்டதில்லை.

2023 மார்ச்சில் உத்தரவு வந்தது. பரீட்சை முடிகிற வரை எங்களிடம். ஜூனிலிருந்து தஞ்சாவூரில் அம்மாவிடம். வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் லீவு என்பதால் அன்று மாலை அப்பாவுடன் வீடியோவில் பேச்சு. அப்பா ஊருக்கு வந்தால் அவருடன். காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் பாதி நாள் எங்கள் வீட்டில். வெளிநாடு அழைத்துப் போக வேண்டுமானால் கோர்ட்டைக் கேட்டுத்தான்.

இதைப் படிக்கிற இளம் தாய்மார்களில், அவசரத்திலோ ஆற்றாமையிலோ கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலங்கி நிற்பவர்கள் இருக்கலாம். உங்களுக்காக நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். விவாகரத்துத் தீர்ப்புக் கொடுத்த கோர்ட்டிலேயே மாற்றம் கேட்டு மனுப் போடலாம். விவாகரத்து வழக்கே இல்லாமல் பிரிந்து வாழ்கிறவர்கள், குழந்தை வழக்கமாக வசிக்கிற ஊர் கோர்ட்டில் 1890-ம் வருடச் சட்டப்படி கேட்கலாம். அந்தச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் உண்டு. கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டத்திலும், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கான 1954-ம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் கஸ்டடிக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பின்வாங்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ம் வருடச் சட்டம். ஜில்லா கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். பையனின் அம்மாவுக்கு வக்கீல் கிடைத்ததே அங்கேதான்!

அவளைப் பார்த்து நான் கற்றது அந்த நோட்டுப் புத்தகம். யார் என்ன திட்டினார்கள் என்பதை விட்டுவிடுங்கள். எந்தத் தேதியில் போனீர்கள், குழந்தை எப்படி இருந்தது, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, ராங்க் கார்டு, பள்ளிக்கூட வருகைப் பதிவு இவைதான் பேசும். ஆபத்து என்றால், குழந்தையை அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்றால், முழு விசாரணை முடியும் வரை காத்திருக்க வேண்டாம். இடைக்கால உத்தரவு கேட்கலாம். பள்ளிக்கூட வாசலிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது மட்டும் வேண்டவே வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு காரியம் அதைக் கெடுத்துவிடும்.

செலவுக்குப் பணம் அனுப்பவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்டாமல் இருப்பதும் அப்படித்தான். பணத்துக்குத் தனியாக மனுப் போட்டு வாங்கலாம். அப்பாவைப் பார்ப்பது குழந்தைக்கு உள்ள பாத்தியதை. அதை நாம் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

உத்தரவு மாறியது எங்களுக்குத் தோல்வி என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூலையில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. சுப்ரீம் கோர்ட் தான் போட்ட கஸ்டடி உத்தரவைத் தானே மாற்றியிருந்தது! முந்தின வருஷம் ஒரு பையனைத் தகப்பனாரிடம் ஒப்படைக்கச் சொன்னவர்கள், பிரிவை நினைத்தே அவன் மனசு எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னதைப் பார்த்து, மறு சீராய்வில் அம்மாவிடமே இருக்கட்டும் என்றார்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவ்வளவு பெரிய கோர்ட்டேவா?" என்று மட்டும் கேட்டார்கள்.

பையனுக்கு இப்போது மீசை அரும்புகிறது. விடுமுறைக்குத் தஞ்சாவூரிலிருந்து தனியாகவே பஸ் ஏறி வந்துவிடுகிறான். தம்பியும் போன வருஷம் லீவில் வந்தபோது என் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். நகம் கடிக்கிற பழக்கம் பையனிடம் இன்னும் முழுசாகப் போகவில்லை. பரீட்சை சமயத்தில் தலை தூக்கும்.

இந்தக் கோடையில் வந்து இறங்கிய அன்று, பையைத் திண்ணையில் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்கு வந்தான். முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தவனிடம் கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தார்கள்:

"டேய், வந்து சேர்ந்துட்டேன்னு உங்க அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டியா? இல்லேன்னா, இந்தா என் போன்."